சமாதான பீடமும் தகர்ந்த விக்கிரகமும்

நமது கல்லூரியின் யூபிலி மலரிலே கிறிஸ்தவ வேதத்தைப் பற்றிய கட்டுரையொன்று இடம்பெறுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் தம் இளமையிலே பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து அவ்வேதத்தைத் தமிழில் அமைக்க உதவியவர் என்பதும், பின்னர்ச் சைவத்தின் பொருட்டு வாதிடப் புகுந்தபோது அந்நூலின் பகுதிகளையே எடுத்துக்காட்டி வாதிட்டவர் என்பதும் அறிந்தோர் அங்ஙனம் ஐயுறார். மறுக்க வேண்டிய நூலாயினும் முற்றக் கற்றபின்பே அதனைப் பற்றிப் பேசுதல் வேண்டும் என்பது அப்பெருமகனார் வாழ்ந்து காட்டிய நெறி. அந்நெறியினின்றும் நாம் ஒருகால் வழுவினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். பிறர் வணங்கும் உருவங்களை உடைத்தெறியுமாறு பணிக்கும் நூலே, சமாதானம் செய்வோரைப் பாக்கியவான்கள் என்றும் போற்றுகின்றதே. இவ்விரண்டும் ஒருங்கு நிற்குமா என்பது வினா. நாம் சற்றும் தாமதியாது, நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களுள் மாறுகொளக் கூறல் என்பது யாது என அவரையே திருப்பிக் கேட்டோம். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவ்வகுப்பிலிருந்த கிறிஸ்தவ மாணவர் ஒருவர் மாத்திரம் தலைகுனிந்திருந்தார். அன்று நாம் அளித்தது விடையன்று. கைதட்டுப் பெறும் ஒரு சொற்சாதுரியம். விவிலியத்தை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறையேனும் படியாத நிலையில் அதனைச் சொன்னோம் என்பதே நம்மைப் பின்னர் உறுத்தியது. பழைய மாணவருள் அன்று அங்கிருந்து நகைத்தோர் சிலர் இம்மலரைப் படித்தல் கூடுமாதலின், படித்தறிந்தவற்றை இங்கே கூறுகின்றோம்.

முதலிலே, முரண்பாடு கற்பனையன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அஃது ஓர் அதிகாரத்திலே, ஓர் இரவிலே, ஒருவன் கையிலேயே நிகழ்கின்றது. நியாயாதிபதிகள் ஆகமத்தின் ஆறாம் அதிகாரத்திலே கிதியோன் என்பான் கதை தொடங்குகின்றது. மீதியானியர் ஏழாண்டு இஸ்ரவேலரை ஒடுக்கிய காலம். கொள்ளையிடுவோர் கண்ணுக்குப் படாதவாறு, திராட்சை பிழியும் ஆலையிலே மறைந்துநின்று கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்த அவனுக்குத் தேவதூதன் தோன்றினான். தெய்வத் தோற்றத்தைக் கண்டோர் இறப்பர் என அவன் அஞ்ச, சாகமாட்டாய், உனக்குச் சமாதானம் என்ற வாக்கு உண்டாயிற்று. உடனே அவன் அவ்விடத்திலே பீடமொன்று கட்டி அதற்கு யெகோவா ஷாலோம் எனப் பெயரிட்டான். கர்த்தரே சமாதானம் என்பது பொருள். அன்றிரவே அவனுக்கு இரண்டாவது கட்டளை பிறக்கின்றது. தந்தையின் பாகால் பீடத்தை இடித்து, அதனருகே நின்ற தோப்பை வெட்டி, அவ்விறகைக் கொண்டே காளையைப் பலியிடவேண்டும் என்பது அது. சமாதானம் என்ற பெயரைச் சுமந்த பீடத்தின் சாந்து உலருமுன் மற்றொரு பீடம் வீழ்கின்றது.

தோப்பு என்ற சொல்லைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அச்சொல்லைக் காணும் நம் மாணவர், கிதியோன் தென்னந்தோப்பையோ பனந்தோப்பையோ வெட்டி வீழ்த்தினான் என எண்ணுவர். எபிரேய மூலத்திலுள்ள சொல் அசேரா என்பது. அது கானானியப் பெண்தெய்வம் ஒன்றன் பெயர். அத்தெய்வத்திற்கு அறிகுறியாக நாட்டப்பட்ட மரத்தூணையும் குறிக்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனைச் சோலை என்று பெயர்க்க, அவ்வழியே ஆங்கிலத்திலும் தமிழிலும் தோப்பாயிற்று. மரம் வெட்டப்பட்டதென வாசிக்கும் கண்ணுக்கும், ஓர் ஊரார் தாயென வணங்கிய உருவம் வெட்டப்பட்டதென வாசிக்கும் கண்ணுக்கும் எத்துணை வேறுபாடு! மொழிபெயர்ப்பு ஒரு நோவை மறைத்துவிட்டது.

ஷாலோம் என்ற சொல்லும் நோக்கற்பாலது. நாம் அதனைச் சமாதானம் என்கின்றோம். தருக்க நூலார் ஆட்சேபத்துக்குக் கூறும் மறுமொழியையும் சமாதானம் என்றே வழங்குவர். நாம் வகுப்பிலே கூறியது அந்த வகைச் சமாதானம் போலும். எபிரேயச் சொல்லின் வேர் முழுமை, குறைவின்மை என்னும் பொருளது. கடனைத் தீர்த்து நிரப்புதலையும் அவ்வேர் குறிக்கும். ஆகவே போரின்மை ஒன்றே ஷாலோம் ஆகாது. சில இடங்களில் அச்சொல் இனிமையாகவும் இல்லை. உபாகமம் இருபதாம் அதிகாரத்திலே, தொலைவிலுள்ள நகரத்தை முற்றுகையிடுமுன் அதற்குச் சமாதானம் கூறுக என விதிக்கப்பட்டிருக்கின்றது. நகரத்தார் அதனை ஏற்பின் அவர் பெறுவது கட்டாய ஊழியம். அண்மையிலுள்ள நகரங்களுக்கு அதுவும் இல்லை. மூச்சுள்ள ஒன்றையும் உயிரோடு வைத்தல் ஆகாது என்பது விதி. விக்கிரகங்களை எரிக்கவும் தூண்களைத் தகர்க்கவும் பணிக்கும் ஏழாம், பன்னிரண்டாம் அதிகாரங்களும் இந்நூலிலேயே உள்ளன. உடைக்கச் சொன்னது உள்ளத்து விக்கிரகத்தையே என்று உருவகமாக்கித் தப்ப முயல்வோர் உளர். மூலம் அதற்கு இடந்தரவில்லை. கல்லையும் மரத்தையுமே அது கூறுகின்றது.

ஆயினும் யாருக்கு, எங்கே, எக்காலத்திலே கூறப்பட்டது என ஆராய்தல் உரையாசிரியர் கடன். அக்கட்டளை ஒரு நாட்டெல்லையோடு கட்டுண்டது. அந்நாட்டிலே வாழப்போகும் மக்களுக்கு அவர்தம் உடன்படிக்கையின் பகுதியாகக் கூறப்பட்டது. உலகெங்கும் சென்று கோயில்களை இடிக்குமாறு அஃது ஒருவரையும் ஏவவில்லை. இனி, உபாகமத்தின் உருவாக்கத்தை யோசியா மன்னனின் திருத்தத்தோடு ஆய்வாளர் பலர் தொடர்புபடுத்துவர். அவன் ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டில், ஏறத்தாழக் கி.மு. 622இல், எருசலேம் ஆலயத்திலே நியாயப்பிரமாண நூலொன்று கண்டெடுக்கப்பட்டதென இராஜாக்கள் ஆகமம் கூறும். அக்காலத்தில் ஏழு சாதியாரும் பெரும்பாலும் பழங்கதையாயினர். யோசியா அசேராவை வெளியே கொணர்ந்து எரித்தது பகைவர் கோயிலிலிருந்தன்று, தன் கர்த்தரின் ஆலயத்திலிருந்தே. வட சீனாய்ப் பாலையிலே குந்தில்லத் அஜ்ருத் என்னுமிடத்தில் 1975, 1976ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில், யெகோவாவின் பெயரையும் அவருடைய அசேராவையும் சேர்த்து வாழ்த்துரைக்கும் எழுத்துகள் பெருஞ்சாடிகளிலே காணப்பட்டன. அவை ஏறத்தாழ கி.மு. 800ஆம் ஆண்டளவின. அந்நியர் தெய்வம் எனப் பிற்காலத்தார் ஒதுக்கியது, முற்காலத்தில் வீட்டினுள்ளே இருந்தது. கிதியோன் இடித்ததும் தந்தையின் பீடத்தையே அன்றோ?

இதனாற் கறை முற்றும் நீங்கிவிட்டது என நாம் கூறவில்லை. கானானியருக்கும் தம் நாடு சொந்த நாடே. யோசியாவும் பீடங்களை இடித்ததோடு அமையாது சமாரியாவின் மேட்டுக் கோயில்களிலிருந்த பூசாரிகளைக் கொன்றான். உல்தாள் என்னும் தீர்க்கதரிசினி அவன் சமாதானத்தோடே கல்லறை சேர்வான் எனக் கூறியிருந்தாள். அவனோ கி.மு. 609இல் மெகிதோவிலே பார்வோன் நேகோவினாற் கொல்லப்பட்டான். இவ்விரண்டையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் எழுதிவைத்தவர் எதனையும் பூசி மெழுக முற்படவில்லை. இந்நேர்மையே எமக்கு வியப்பளித்தது.

கிதியோன் கதையின் எஞ்சிய பகுதியை ஞாயிறு வகுப்புகளில் அதிகம் கூறுவதில்லை எனக் கேள்வி. பீடத்தை இடித்தவனைக் கொல்ல ஊரார் திரண்டபோது தந்தை யோவாஸ், பாகால் தெய்வமாயின் தனக்காகத் தானே வழக்காடட்டும் எனக் கூறி அவர்களை நிறுத்தினான். அவ்விடத்தில் அறிவுடையவன் அக்கிழவனே என்பது எம் கருத்து. பின்னர்க் கிதியோன் போரில் வென்றான்; தனக்கு அப்பம் கொடாத சுக்கோத்தின் மூப்பரை முள்ளாலே தண்டித்தான்; பெனூவேலின் கோபுரத்தை இடித்து அவ்வூர் ஆடவரைக் கொன்றான். அரசபதவியை மறுத்தவன், கொள்ளைப் பொருளிலிருந்து ஆளுக்கொரு கடுக்கன் கேட்டான். சேர்ந்த பொன் ஆயிரத்து எழுநூறு சேக்கல். நம் கணக்கில் ஏறத்தாழப் பத்தொன்பது கிலோ. அதனால் ஏபோத்து ஒன்று செய்து தன் ஊரிலே வைத்தான். இஸ்ரவேலர் அனைவரும் அதன் பின்னே சென்று வழிபட்டனர் என்றும், அது அவனுக்கும் அவன் வீட்டுக்கும் கண்ணியாயிற்று என்றும் நூல் கூறுகின்றது. உடைத்தவன் செய்தவன் ஆனான். அவனுக்குப்பின் அவன் மகன் அபிமெலேக்கு, ஒரு பாகால் கோயிலின் வெள்ளிக்காசைக் கொண்டே ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, உடன்பிறந்தார் எழுபதின்மரையும் அழிக்கப் புகுந்தான், ஒருவனே தப்பினான்.

யெகூவின் கதை இன்னும் கொடிது. படைத்தலைவனாகிய அவன் தேரிலே விரைந்து வரக் கண்ட யோராம் அரசன், சமாதானமா என்று கேட்கின்றான். யேசபேலின் தீமைகள் இருக்கும்வரை என்ன சமாதானம் என்பது யெகூவின் மறுமொழி. அடுத்து அம்பு பாய்கின்றது. பின்பு பாகாலுக்குப் பெருவிழா எடுப்பதாகப் பொய்யாகப் பறைசாற்றி, அடியார் யாவரையும் கோயிலுள் கூட்டி, வாயிலில் எண்பதுபேரை நிறுத்தி உள்ளிருந்தோரை வெட்டுவித்தான். கோயிலை இடித்து மலகூடமாக்கினான். இதற்காகக் கர்த்தர் அவனைப் பாராட்டி, நான்கு தலைமுறைக்கு அரசை உறுதிப்படுத்தினார் என்பது இராஜாக்கள் ஆகமம். ஓசியா தீர்க்கதரிசியின் நூலை எடுப்பின், அதன் முதலதிகாரத்திலேயே யெஸ்ரயேலில் சிந்திய இரத்தப்பழி யெகூவின் வீட்டாரிடம் விசாரிக்கப்படும் என்று அதே கர்த்தர் கூறுகின்றார். இதற்குப் பொருத்தம் கூறும் உரைகள் சில படித்தோம். அவை எம் மனத்தில் ஒட்டவில்லை. இது முரணே. ஒரு சாட்சி செயலைப் புகழ்கின்றது. மற்றொரு சாட்சி அதே செயலைப் பழிக்கின்றது. நூலைத் தொகுத்தோர் இரண்டையும் வைத்துக்கொண்டனர்.

மாறுகொளக் கூறல் என்னும் குற்றம் ஓராசிரியன் ஒரு நூலுள் செய்யும் குற்றம். விவிலியமோ பல நூற்றாண்டுகளிலே பலர் எழுதிய நூல்களின் தொகுதி. சீர்திருத்தச் சபையார் கணக்கில் அறுபத்தாறு, கத்தோலிக்கர் கணக்கில் எழுபத்துமூன்று. புறநானூற்றிலே பகைவர் நாட்டை எரியூட்டியதைப் புகழும் புலவரும் உளர். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடைநின்று போரை விலக்க முயன்ற கோவூர்கிழாரும் உளர். அத்தொகையை முரண்நூல் என நாம் எள்ளுவதுண்டோ? பிறர் தொகைநூலுக்கு மாத்திரம் வேறு அளவுகோல் எடுத்தோம்.

யெகூவைப் பற்றி இன்னொரு செய்தி. 1846இல் லேயார்ட் என்பார் நிம்ரூதிலே அகழ்ந்தெடுத்த அசீரியக் கருங்கல் தூபி இப்பொழுது லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அதிலே மூன்றாம் சால்மனாசாரின் காலடியில் ஒருவன் நெற்றி நிலந்தோயக் கிடக்கின்றான். அவன் யெகூ அல்லது அவன் தூதன் என எழுத்துகளால் அறிகின்றோம். அரசனுக்கு எதிரே, மேற்புறத்தில், அசீரியத் தெய்வங்களின் அறிகுறிகளாகிய சிறகுடைய வட்டமும் விண்மீனும் செதுக்கப்பட்டுள்ளன. உருவங்களை உடைத்தவன் நமக்கு எஞ்சியிருப்பது உருவமாகவே!

தீர்க்கதரிசிகளின் நூல்களுள் ஏசாயாவின் இரண்டாம் அதிகாரம் எமக்கு மிக உதவிற்று. வாள்களைக் கொழுவாக அடித்துக்கொள்ளும் காலத்தைக் கூறும் புகழ்பெற்ற பகுதி அதிலுள்ளது. விக்கிரகங்கள் ஒழிவதும் அவ்வதிகாரத்திலேயே உள்ளது. அங்கே அவற்றை உடைப்போர் எவரும் இலர். தாம் வணங்கச் செய்த பொன்னுருவையும் வெள்ளியுருவையும் மனிதர் தாமே மூஞ்சூறுகளிடத்தும் வௌவால்களிடத்தும் எறிந்துவிட்டுப் போகின்றனர். மீகாவின் நூலிலோ, நான்காம் அதிகாரத்தில் சகல சனங்களும் தத்தம் தேவனுடைய பெயரிலே நடப்பர், நாம் எம் கர்த்தரின் பெயரிலே நடப்போம் என்ற கருத்து வருகின்றது; ஐந்தாம் அதிகாரத்தில் விக்கிரகங்கள் அறுக்கப்படும் என்ற எச்சரிக்கை வருகின்றது. முன்னிலைச் சொல்லைக் கவனித்தல் வேண்டும்: அறுக்கப்படுவன உன்னுடையவை, பிறனுடையவை அல்ல. எசேக்கியா மன்னன் நொறுக்கிய வெண்கலச் சர்ப்பமும் மோசே தம் கையாற் செய்ததே.

புதிய ஏற்பாட்டை விரைந்து நோக்குவோம். தாம் பூமிக்குக் கொண்டுவந்தது பட்டயமே என இயேசு கூறுவதாக மத்தேயு பத்தாம் அதிகாரத்திலே ஒரு பகுதி உண்டு; அடுத்த அடியிலே தந்தைக்கும் மகனுக்கும் நேரும் பிரிவு கூறப்படுதலின் அது குடும்பப் பிளவைக் குறித்ததென்பது தெளிவு. தம்மைப் பிடிக்க வந்தோர்மீது பட்டயம் உருவிய சீடனை அவர் தடுத்ததும் அதே சுவிசேஷத்திலுள்ளது. பவுல் அத்தேனே நகரின் உருவங்களைக் கண்டு உள்ளங் கொதித்தாராயினும் ஒன்றையும் தொடவில்லை. எபேசுவிலே கலகம் மூண்டபோது, இவர்கள் கோயிற் கொள்ளைக்காரருமல்லர், நம் தேவியைத் தூஷித்தவருமல்லர் எனக் கூட்டத்தை அமர்த்தியவன் அந்நகரத்தின் அதிகாரி. அச்சாட்சியம் விக்கிரக வழிபாட்டினன் வாயிலிருந்து வந்தது. உரோமருக்கு எழுதிய நிருபத்திலே விக்கிரகங்களை அருவருக்கிற நீ கோயில்களைக் கொள்ளையிடலாமா என்ற பொருளில் பவுல் வினவுகின்றார்.

பின்வந்த சபையார் இதனை எவ்வாறு கொண்டனர்? ஸ்பெயின் நாட்டிலே 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்விராவிற் கூடிய சங்கம், விக்கிரகத்தை உடைக்கப்போய்க் கொல்லப்பட்டவனை இரத்தசாட்சியாக எண்ணலாகாது என விதித்தது. சுவிசேஷத்தில் அவ்வாறு எழுதப்படவில்லை, அப்போஸ்தலரும் செய்திலர் என்பது அது காட்டிய காரணம். அதிகாரம் கைக்கு வந்ததும் குரல் மாறிற்று. 391ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவின் செராப்பிஸ் பெருங்கோயில் தகர்க்கப்பட்டது. அகுஸ்தீனார் கார்த்தேஜில் நிகழ்த்திய பிரசங்கமொன்றில், பிறர் நிலத்திலுள்ள உருவங்களை உடைக்கப் பாயாதீர், முதலில் அவர் உள்ளத்திலுள்ளவற்றை நீக்க முயல்க என்றார். அரசாணையாற் கோயில்கள் மூடப்பட்டபோதோ மகிழ்ந்தார். பெரிய கிரகோரியார் 601இல் கெந்து நாட்டு அரசனுக்கு எழுதிய ஓலையிலே கோயில்களை வீழ்த்துக என்றார். அவ்வாண்டிலேயே மெல்லித்துசுக்கு எழுதிய ஓலையிலே உருவங்களை நீக்கிக் கட்டடங்களை இருக்கவிடுக என்றார். எந்த ஏட்டை எடுத்துக்கொள்வது என்பதை எடுப்பவன் கையிலிருந்த வலிமையே பெரிதும் தீர்மானித்தது.

நம் நாட்டுக்கு வந்த போர்த்துக்கேயர் இடிக்கும் ஏட்டையே எடுத்தனர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும், 1622இல் திருகோணமலைக் கோணேசர் கோயிலும் தகர்க்கப்பட்டன. வகுப்பிலே எழுந்த நகைப்பினடியில் இந்நினைவு கிடந்தது. அதனை நாம் குறைகூற மாட்டோம். நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் விவிலியத்திலுள்ள ஆலயம், தீபம், தூபம், அபிஷேகம் முதலியவற்றை எடுத்துக்காட்டி, எம் வழிபாட்டை மாத்திரம் இகழ்வது எங்ஙனம் பொருந்தும் எனக் கேட்டது. அவர் நகைப்புக்காக அதனைச் செய்யவில்லை. அதிகாரம் அதிகாரமாகப் படித்துச் செய்தார்.

இறுதியாக, நாம் வேண்டுமென்றே பின்னுக்கு வைத்த ஒரு கதை. யெகூவை அபிஷேகஞ்செய்ய ஆளனுப்பிய எலிசா தீர்க்கதரிசியே இதிலும் வருகின்றார். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குட்டநோய் தீர்ந்து அவர்முன் நின்றான். இனி இஸ்ரவேலின் கடவுளுக்கன்றி வேறெவருக்கும் பலியிடேன் என்றான். தன் ஊரிலே பீடம் அமைக்க இரண்டு கோவேறு கழுதைப் பொதி மண் வேண்டினான். பின்பு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். தன் அரசன் ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது தன் கைமேற் சாய்ந்து குனிவான். தானும் குனியவேண்டி நேரும். அதனைக் கர்த்தர் மன்னிப்பாரா? ரிம்மோனின் உருவை உடைத்து வா என எலிசா கூறவில்லை. குனியலாம் என்றும் கூறவில்லை. சமாதானத்தோடே போ என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். மூலத்தில் அச்சொல் ஷாலோம். கிதியோன் பீடத்துக்கு இட்ட அதே பெயர்.

நாகமானின் தேர் சிறிது தூரம் சென்றது. எலிசாவின் வேலைக்காரன் கேயாசி, குரு வேண்டாமென மறுத்த காணிக்கையின்மேல் ஆசைகொண்டு பின்னே ஓடினான். அவனைக் கண்ட நாகமான் தேரைவிட்டிறங்கி, ஷாலோமா என்று கேட்டான். ஷாலோம் என்றே விடைகூறிவிட்டு, இல்லாத விருந்தினர் இருவருக்கென்று பொய் கூறி வெள்ளியும் ஆடையும் பெற்றுச் சென்றான் கேயாசி. ரிம்மோன் கோயிலிற் குனியப் போகின்றவன் தமஸ்குவை நோக்கி நோயின்றிச் சென்றான். அவனைவிட்டு நீங்கிய குட்டம், எந்த விக்கிரகத்தையும் வணங்காத கேயாசியை அன்று மாலையே பற்றியது.